ஸ்காப்தியைவிட நான்கு அங்குலம்

...அதுவும் அவசரமே இல்லாமல் மூக்குப்பொடி போட்டுக்கொண்டான் அந்தப் பாவி, இடது கையின் பெருவிரல் மேட்டில் கொட்டி, ஒரு மூக்குக்கு ஓர் இழுப்பு, மறு மூக்குக்கு ஓர் இழுப்பு, பிறகு தும்மலுக்காகக் காத்திருந்து, தும்மல் வராதென்று உறுதியான பின் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்து, அதற்கப்புறம்தான் கயிற்றை எடுக்கப் போனான், அத்தனை நேரமும் ஆற்றின் நடுவில், தன் பிக்கப் வண்டிக்குள், இல்லுகி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இருக்கை நனைந்து, பேண்ட் நனைந்து, பனிமலையிலிருந்து இறங்கும் தண்ணீர் எப்படியிருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கரையில் ஊரே நின்றது. மேய்ச்சல் மலையிலிருந்து ஆடுகளை இறக்கிக்கொண்டு வருகிற செப்டம்பர் நாள், குதிரைக்காரர்கள், ஜீப்காரர்கள், நாய்கள், பிள்ளைகள், நாலாயிரம் ஆடுகள், அத்தனை பேருக்கும் வேறு பிழைப்பே இல்லாததுபோல ஆற்றையே பார்த்துக்கொண்டு... கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்து ஸ்காப்தி சொன்னான்: "வண்டி நல்ல வண்டிதான் இல்லுகி. பாவம், ஆத்துக்குத்தான் அது தெரியல." இழுத்துவிட்டதைக்கூட மன்னித்துவிடலாம், பக்கத்துப் பண்ணைக்காரன், நாளைக்கு அவனையும் யாராவது இழுக்க வேண்டி வரும், ஆனால் அந்த மூக்குப்பொடியை எப்படி மன்னிப்பது? ஏழு மாதமாயிற்று, இல்லுகிக்கு இன்னும் அந்த இரண்டு இழுப்பும் காதில் கேட்கிறது.

இப்போது அதே பிக்கப் சால்வோரின் பட்டறையில் வண்டி தூக்கும் மேடையில் நின்றது, அவன் தலைக்கு மேலே, வயிற்றைக் காட்டிக்கொண்டு. இருபத்தாறு வருஷம் ஓட்டுகிற ஆளானாலும் சொந்த வண்டியின் வயிற்றைப் பார்ப்பதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. பின் அச்சின் நடுவிலிருக்கும் உருண்டையில் ஆற்றின் சாம்பல் வண்டல் காய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, சால்வோர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், எந்த ஆறு என்று கேட்கவில்லை, நல்லவள். நாற்பது வயதிருக்கும், ஆளைப் பார்த்துப் பேச மாட்டாள், வண்டியைப் பார்த்துத்தான் பேசுவாள். "எப்படி ஒசத்தணும்?" என்று அச்சிடம் கேட்டாள். "உசரமா," என்றான் இல்லுகி. "உசரத்துல மூணு விதம் இருக்கு." இதைச் சொல்ல அவளுக்கு அலுப்பே இல்லை, பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பேசுவது மாதிரி தினமும் சொல்கிறாள் போலிருக்கிறது. முதலாவது, அடிச்சட்டத்துக்கும் மேல்கூட்டுக்கும் நடுவில் கட்டை வைப்பது. ஒரு நாள் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும். "ஆனா கீழ ஒண்ணும் மாறாது. அச்சு அங்கயேதான், எஞ்சின் அங்கயேதான். இடிக்கற கல்லு இடிச்சுக்கிட்டேதான் இருக்கும்." அப்படியானால் எதற்கு அதைச் செய்கிறார்கள் என்று கேட்டான். "பக்கத்து வீட்டுக்காரனுக்காக," என்றாள் சால்வோர், சிரிக்காமல்.

பக்கத்து வீட்டுக்காரனுக்காக... ஒரு நிமிஷம் அந்த யோசனை நாக்கில் சர்க்கரை மாதிரி கரைந்தது, கூட்டுறவுக் கடை வாசலில் ஸ்காப்தியின் வண்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துவது, ஒன்றுமே தெரியாதவன் மாதிரி உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு வெளியே வருவது, மேலேயிருந்து, ஆமாம் மேலேயிருந்துதான், ஜன்னலை இறக்கி ஒரு வணக்கம் போடுவது. ஆனால் ஸ்காப்தி குனிந்து பார்க்கிற ஜாதி. எதையும் நம்ப மாட்டான், குதிரை வாங்கினால் வாயைத் திறந்து பார்ப்பான், கல்யாணத்துக்குப் போனால் கேக்கின் அடியைத் திருப்பிப் பார்ப்பான், வண்டிக்கடியிலும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, என்ன சொல்வான், "ஏண்டா இல்லுகி, குதிகால் வச்ச செருப்பு போட்டா ஆறு ஏமாந்துடுமா?" என்பான், நிச்சயமாக அதைத்தான் சொல்வான், இல்லுகிக்கே இவ்வளவு சுலபமாகத் தோன்றுகிறதென்றால் அவனுக்குத் தோன்றாதா. வேண்டாம். கட்டை வேண்டாம். சால்வோர் இரண்டாவதற்குப் போவதற்கு முன்னால் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க எறங்கற தண்ணி எவ்வளவு ஆழம்?" அவ்வளவுதான், இல்லுகியின் காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு யார் சொன்னது?" சால்வோர் முதல்முறையாக வண்டியை விட்டு அவனைப் பார்த்தாள். "என்ன சொன்னது? ஆழம் தெரியாம எப்படிங்க ஸ்பிரிங் போடறது? எஞ்சினுக்குக் காத்துக் குழாய் எவ்வளவு மேல வைக்கணும்னு பார்க்க வேணாமா?" அவள் வேறு மாவட்டம், அவளுக்குத் தெரிய நியாயமில்லை, பாவம் தொழில் கேள்வி கேட்டாள், ஆனால் பிப்ரவரியிலிருந்து அந்த வார்த்தைகளை யார் சொன்னாலும் அவனுக்கு முதுகில் ஊசி ஏறுகிறது.

தோர்ரி விருந்து, பிப்ரவரியில் ஊரே கூடும் குளிர்கால விருந்து. ஊர்க் கூடத்தில் நீளமேசைகள், புளிக்கவைத்த கடா விதை, நாறும் சுறா, நூற்றிருபது பேர், தொண்டையைச் சுடுகிற சாராயம், அதெல்லாம் முடிந்து மேடையில் நாடகம். வருஷம் முழுக்க யார் யார் என்னென்ன கூத்தடித்தார்களோ அதையெல்லாம் விருந்துக் குழு எழுதி நடித்துக் காட்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அதுதான் வழக்கம், கோபித்துக்கொண்டால் அடுத்த வருஷம் அந்தக் கோபத்தையும் நாடகமாகப் போடுவார்கள். பாதிரியார் வேறொருவர் காரைத் தன் கார் என்று நினைத்து வீடுவரை ஓட்டிக்கொண்டு போன வருஷம் விழுந்து விழுந்து சிரித்தவர்களில் முதல் ஆள் இல்லுகிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வருஷம்... கால்நடை மருத்துவர் மீன் போடும் பெரிய தொட்டியொன்றில் உட்கார்ந்து மேடைக்கு வந்தார், தொட்டிக்குச் சக்கரம் வைத்திருந்தார்கள், இரண்டு பேர் சாம்பல் நிறப் படுக்கை விரிப்பைப் பிடித்து ஆட்டினார்கள், அதுதான் ஆறு. தொட்டியில் பக்கத்தில் தபால்காரர், பெண் முடி வைத்துக்கொண்டு, கழுத்தில் சிவப்பில் வெள்ளைப் பின்னல் போட்ட துண்டு. ஹுல்தாவின் துண்டு. அதே மாதிரித் துண்டு அல்ல, அதேதான், ஓரத்தில் நாய் கடித்த இடம் உட்பட, அவன் பெண்டாட்டி இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து பின்னியது. மருத்துவர் தொட்டிக்குள் கண்ணாடியைச் சரிசெய்து, தலையை வாரி, தொண்டையைச் செருமி, "ஹுல்தா," என்றார், "நீதான் எடை கம்மி. எறங்கிப் பாரு, எவ்வளவு ஆழம்னு."

கூரை பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். அதைச் சொன்னபோது வண்டிக்குள் இருந்தது இரண்டே பேர். அவன் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால்... இதில் அப்படியானால் என்ன அப்படியானால், துண்டைக் கொடுத்தவள் வசனத்தையும் கொடுத்திருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே கொடுத்திருப்பாள், ஒத்திகைக்கு வேண்டுமே, அதற்கப்புறம் எட்டு வாரம் அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஆட்டிறைச்சி தின்றிருக்கிறாள், முகத்தில் ஒன்றுமே காட்டாமல். அன்றைக்கு அவன் திரும்பி அவளைப் பார்த்தான். ஹுல்தா சிரித்துக்கொண்டிருந்தாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பில்லை, பக்கத்திலிருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணில் நீர் வழிந்து, கல்யாணமான புதிதில் சிரித்தாளே அப்படி, முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், எதற்குச் சிரித்தாள் அப்போது, அவன் சொன்ன ஏதோ ஒன்றுக்குத்தான். ஸ்காப்தி அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்தான். இருவரும் ஒரே சமயத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போனால் "எவ்வளவு ஆழம், இல்லுகி?", பால் வண்டிக்காரன் ஜன்னலை இறக்கி "எவ்வளவு ஆழம்?", பனி வழிக்கிறவன் போனில், "உன் வீட்டுப் பாதையில பனி எவ்வளவு ஆழம்... தப்பா நினைச்சுக்காத," பல் மருத்துவர்கூட வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒரு நொடி தயங்கினார், அந்தத் தயக்கத்தை இல்லுகி பார்த்துவிட்டான்.

அன்றிலிருந்து வீட்டில் ஆட்டுப் பேச்சு மட்டும்தான். வைக்கோல் போட்டாச்சு. நூத்தி நாலாம் நம்பர் மூணு குட்டி சுமக்குது. தண்ணிக் குழாய் உறைஞ்சிடுச்சு. இதற்கு மேல் ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வராது, வரவிடவும் மாட்டான், இரண்டரை மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றி வருகிறான், பேசிவிட்டால் அவள் ஜெயித்த மாதிரி. இன்று காலை ஹுல்தா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "சனிக்கிழமை குரோவா வரா. நான் அவளோட அக்குரெய்ரி டவுனுக்குப் போறேன்." குரோவா அவளுடைய அக்கா. எத்தனை நாளைக்கு என்று அவன் கேட்கவில்லை. அவளே சொன்னாள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஆடு குட்டி போடற சமயத்துக்கு நான் திரும்பி வரணும்னா நீ வாயத் தொறந்து கேக்கணும், இல்லுகி. ஆட்டுக்காக இல்ல. எனக்காகக் கேக்கணும். இல்லன்னா நான் அங்கயே இருந்துக்குவேன். வெளையாட்டுக்குச் சொல்லல." முந்நூற்றறுபது ஆடு, மே மாதம் முழுக்க ஆள் மாற்றி ஆள் தொழுவத்தில் நிற்க வேண்டும், அவளுக்குத்தான் குறுக்கே கிடக்கிற குட்டியைத் திருப்ப வரும், அவன் கை பெரிசு, உள்ளே போகாது. அதெல்லாம் அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் ஆட்டுக்காக இல்லை என்றாள். மிரட்டுகிறாளா? போகட்டும். அவன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான், தொண்ணூறு கிலோமீட்டர், வழி நெடுக வைப்பர் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததை இங்கே வந்து நிறுத்தும்போதுதான் கவனித்தான்.

சால்வோர் இரண்டாவது விதத்தில் இருந்தாள். நீளமான ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், பின்னால் பட்டை ஸ்பிரிங்குகளுக்குக் கீழே கட்டை. இதில் அடிச்சட்டமே மேலே போகும், எஞ்சின் மேலே போகும், நல்லதுதான். "ஆனா இந்த உருண்டை இருக்கே, இது எங்கயும் போகாது," என்று அச்சைத் தட்டினாள், "அச்சு டயர் மேல நிக்குது. ஸ்பிரிங் அச்சு மேல நிக்குது. நீங்க ஸ்பிரிங்க எவ்வளவு ஒசத்தினாலும் அச்சு இருந்த எடத்துலதான். அதைத் தூக்கணும்னா ஒரே வழி டயர். வேற எவன் என்ன சொன்னாலும் நம்பாதீங்க." இல்லுகி தலையாட்டினான், காதில் விழுந்தது பாதிதான், அவன் செப்டம்பருக்குப் போய்விட்டிருந்தான். வரப்போகிற செப்டம்பர். அதே ஆறு, அதே துறை, மழை பெய்து தண்ணீர் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், கரையில் அதே கூட்டம். முதலில் ஸ்காப்தி இறங்குவான், எப்போதும் அவன்தானே முதலில், நடு ஆற்றில் ஒரு குலுக்கல், ஒரு புகை, நின்றுவிடும். ஆகா. நிற்கட்டும். இல்லுகி கரையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, மூக்குப்பொடி டப்பியை எடுத்து... அவன் பொடி போடுவதில்லை, போட்டால் கண் எரியும், ஆனால் அன்றைக்காக வாங்கிவிட்டான், பிப்ரவரியிலேயே, தொழுவத்தில் மருந்துப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. ஓர் இழுப்பு. மறு இழுப்பு. பிறகு கயிறு. அல்லது கயிறே வேண்டாம், நேராக அவனைச் சுற்றிக்கொண்டு அக்கரை போய்விடுவது, போகிற போக்கில் ஜன்னலை இறக்கி, "பொண்டாட்டிய எறக்கிப் பாக்கச் சொல்லேண்டா!" சே, ஸ்காப்திக்குப் பெண்டாட்டி இல்லை, ஏழு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டாள், நல்ல மனுஷி, அதைச் சொல்ல முடியாது. வேறு ஏதாவது சொல்ல வேண்டும். யோசிக்க நேரமிருக்கிறது.

அது மட்டுமா, இன்னொரு கத்தியும் கையில் இருக்கிறது. விருந்தின் கடைசியில் பழைய குழு அடுத்த வருஷக் குழுவின் பெயர்களைப் படிக்கும், ஏழு பெயர், ஏழாவது பெயர் இல்லுகி. ஆறுதலுக்குப் போட்டார்களா, கேலிக்குப் போட்டார்களா, எதுவோ, அடுத்த பிப்ரவரியில் பேனா அவன் கையில். குட்டிக் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுத ஆரம்பித்துவிட்டான். கால்நடை மருத்துவர், சொந்த நாய்க்கு ஊசி போடப் போய்த் தன் தொடையில் போட்டுக்கொண்டது. தபால்காரர், விவாகரத்துக் கடிதத்தைத் தவறான வீட்டில் போட்டது. ஸ்காப்தி என்று எழுதி அடிக்கோடு இழுத்திருக்கிறான், அதற்குக் கீழே ஒன்றுமில்லை, இரண்டரை மாதமாகத் தேடுகிறான், அந்த மனுஷன் வழுக்கிக்கூட விழவில்லை. அடுத்த பக்கத்தில் ஹுல்தா என்று எழுதினான். அவள் தூக்கத்தில் ஆடுகளை நம்பர் சொல்லிக் கூப்பிடுவது. வானிலைச் செய்தி வாசிக்கிறவனோடு சண்டை போடுவது. செத்ததுபோலப் பிறந்த குட்டியை அடுப்புக் கதவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்து, அது எழுந்து நின்றதும், யாரும் பார்க்கவில்லையென்று நினைத்து அதற்கு வணக்கம் சொன்னது... எழுதியதை வாசித்துப் பார்த்தான், இதற்கெல்லாம் யார் சிரிப்பார்கள், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டான்.

"துறையில எந்த எடத்துல வண்டிய எறக்குவீங்க?" சால்வோர் கேட்டாள், "தண்ணி சலசலன்னு விரிஞ்சு ஓடற எடத்துலயா, அமைதியா இருக்கற எடத்துலயா?" அமைதியாக இருக்கிற இடத்தில். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும், கண்ணாடி மாதிரி இருக்கும் இடத்தில் வண்டியை விடக் கூடாது, அங்கேதான் ஆழம், அலையடித்துச் சத்தம் போடுகிற இடம்தான் ஆழமில்லாதது. இல்லுகிக்கு அது அப்பன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சத்தம் போடுகிற இடத்தில் ஸ்காப்தியின் டயர்த் தடம் இருந்தது, கரைச் சேற்றில் புதிதாக, அகலமாக, இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் போயிருக்கிறான். அவன் தடத்தில் போவதா? எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாத்துக்குஞ்சு மாதிரி, அவன் பின்னாலேயே? "இல்லுகி, அவர் போன எடத்துலயே போயேன்," என்று ஹுல்தா சொன்னாள், ஆமாம் சொன்னாள், அவள் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால்கூடப் போயிருப்பானோ என்னவோ. பத்தடி தள்ளி இறக்கினான். மூக்கு தாழ்ந்து, எஞ்சின் இருமி, நின்றது. அப்புறம் அந்த வார்த்தை. அதில் என்ன தப்பு, இறங்கி ஆழம் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான், ஒருவர் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், அவளுக்கு நீள பூட்ஸ், அவனுக்குக் குட்டை பூட்ஸ், எடை விஷயமும் உண்மைதானே. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார்கள். கயிறு வண்டியின் பின்பக்கம் இருந்தது, எடுக்கவில்லை. அவள் கதவைத் திறந்து இறங்கினாள், இரண்டாவது எட்டில் காணோம். துண்டு மட்டும் தெரிந்தது. அவன் இறங்கினானா? இறங்கத்தான் போனான், கதவுப் பிடியில் கை வைத்தான், அதற்குள் அக்கரையிலிருந்து ஸ்காப்தி குதித்துவிட்டான், கோட்டுகூடக் கழற்றாமல், மார்பளவுத் தண்ணீரில் விழுந்து எழுந்து வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் வைத்தான். யாராரோ கம்பளி கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் பொடி டப்பியை எடுத்தான் அவன், கை நடுங்கிப் பாதிப் பொடி காற்றில் போயிற்று, இரண்டு தடவை கொட்ட வேண்டியிருந்தது. ஆமாம். நடுங்கியது. இதை இன்று வரை இல்லுகி ஏன் நினைத்துப் பார்க்கவில்லை, நாடகத்தில்கூட இதைப் போடவில்லை, போட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்... யார் அதைப் போட வேண்டாமென்று சொல்லியிருப்பார்கள்?

"அமைதியா இருக்கற எடத்துலதான்," என்றான். "அப்ப வண்டிய ஒசத்த வேணாம், ஆள மாத்தினாப் போதும்," என்றாள் சால்வோர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன்," என்று சேர்த்துக்கொண்டாள். இல்லை, வேண்டாம், இனி யாரும் எதையும் சும்மா சொல்ல வேண்டாம், அவனுக்கு உயரம் வேண்டும், எந்த இடத்தில் இறக்கினாலும் ஏறிப் போகிற உயரம். மூன்றாவது விதம், டயர். மட்கார்டை அறுத்து, பின் அச்சைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, பல்சக்கரம் மாற்றி, ஸ்பிரிங்கும் போட்டு, அப்புறம் மாற்றின வண்டிக்கான சோதனைச் சான்றிதழ். "முப்பத்தஞ்சு அங்குல டயர் போதும் உங்களுக்கு," என்றாள். ஸ்காப்தியுடையது எத்தனை தெரியுமா, முப்பத்தெட்டு. "நாப்பத்திரண்டு போடுங்க." சால்வோர் விசிலடித்தாள். "தொழுவத்துக்கும் வீட்டுக்கும் போற வண்டிங்க இது." "நாப்பத்திரண்டு." "முப்பத்தெட்டுக்கும் நாப்பத்திரண்டுக்கும் நாலு அங்குலம்னாலும் அச்சு ரெண்டு அங்குலம்தான் மேல போகும். பாதிதான் கெடைக்கும்." பாதி போதும், பாதியே போதும், பார்க்கிறவன் கண்ணுக்கு நாலுதானே. "ரொம்பப் பெரிய டயர் மிதக்கும், ஆத்துல மிதக்கற வண்டிய ஆறு எடுத்துட்டுப் போயிடும், அதையும் சொல்லிடறேன்." சொல்லுங்கள், சொல்லுங்கள். ஸ்பிரிங்கும் உச்சத்தில் வையுங்கள் என்றான். அதற்கு மேல் ஓர் அங்குலம் முடியுமா என்றான். கட்டையும் சேர்த்து வைத்தால் என்ன என்றுகூடக் கேட்டான், பக்கத்து வீட்டுக்காரனுக்கான அந்தக் கட்டை. ஒவ்வொரு தடவை மேலே கேட்கும்போதும் நெஞ்சு லேசானது, இவ்வளவு சந்தோஷமாக அவன் பிப்ரவரிக்கப்புறம் இருந்ததே இல்லை.

சால்வோர் தோளைக் குலுக்கிவிட்டுப் படிவத்தை எடுத்து, மேடையின் தூணில் அட்டையை வைத்து எழுத ஆரம்பித்தாள், டயர், ஸ்பிரிங், பல்சக்கரம், காற்றுக் குழாய். "அப்புறம் படி," என்றாள் எழுதிக்கொண்டே. "இந்த உசரத்துக்குக் கீழேர்ந்து யாரும் கால் வைக்க முடியாது. உங்க பக்கம் ஒரு படி போடறேன். அந்தப் பக்கம் போடணுமா?"

"வேண்டாம்," என்றான் இல்லுகி.

யோசித்துச் சொன்னதில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது, நாக்கின் நுனியில் நாள்கணக்காகக் காத்திருந்த மாதிரி. அப்படி ஓர் இனிப்பு அதில். ஸ்காப்தியை நடு ஆற்றில் நிறுத்தி வைத்துப் பார்த்த எந்த நாளிலும் அந்த இனிப்பு அவனுக்குக் கிடைத்ததில்லை, கற்பனையில் எத்தனை தடவை மூக்குப்பொடி போட்டும் கிடைக்கவில்லை, இப்போது ஒரு வார்த்தையில் கிடைத்துவிட்டது. ஹுல்தாவின் வலது முழங்கால் மடங்காது. ஆற்றுக்கடியில் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டித் திருகிக்கொண்ட கால், செப்டம்பரிலிருந்து அப்படித்தான், அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறாள், மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்குவாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால், மறு கால், நிற்பாள், மறுபடி ஒரு கால். அவன் பத்திரிகைக்குப் பின்னால் உட்கார்ந்து தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். இப்போதுள்ள வண்டியிலேயே கதவை இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஏறுகிறாள். தெரியாதா அவனுக்கு? முப்பத்தைந்து வேண்டாம் என்றபோது, நாற்பத்திரண்டு என்றபோது, இன்னும் ஓர் அங்குலம் என்றபோது... செப்டம்பர்க் கரையில் அவன் நிறுத்தி வைத்திருந்த கூட்டத்தில் ஊரே இருந்தது, ஸ்காப்தி இருந்தான், அந்தப் படத்தில் தன் பக்கத்து இருக்கையில் யார் இருந்தார்கள் என்று இப்போதுதான் திரும்பிப் பார்க்கிறான்.

"உங்க வீட்டுல வேற யாரும் ஏற மாட்டாங்களா?" சால்வோர் நிமிர்ந்து கேட்டாள். படிவத்தில் படி என்ற இடத்துக்கு எதிரே ஒன்று என்று எழுதியிருந்தாள், கொட்டை எழுத்தில். தூக்கும் மேடையில் வண்டி அப்படியே நின்றது, பழைய டயரோடு, பழைய உயரத்தில். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. இல்லுகி வாயைத் திறந்தான், திருத்தச் சொல்லத்தான் திறந்தான் என்று பிறகு பல தடவை தனக்கே சொல்லிக்கொள்வான், ஆனால் அந்த இனிப்பு இன்னும் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது, அது முழுசாக இறங்கி முடியட்டும் என்று அவன் காத்திருந்தான்.